மணிக்கட்டைச் சுற்றி ஒரு கோடு

நான்காம் நாளும் சின்னவளின் கையில் தோல் உரியவில்லை.

உரிந்திருக்க வேண்டும். முதல் நாள் சிவப்பு, இரண்டாம் நாள் இறுக்கம், மூன்றாம் நாள் மெல்லிய செதில், நான்காம் நாள் அரிப்பு. டாட்டூ போட்டுக்கொள்ள வருகிறவர்களிடம் பெரியவள் எட்டு வருடமாக இதே வரிசையில்தான் சொல்லி அனுப்புகிறாள்; அந்த வரிசையை இதுவரை எந்தத் தோலும் மீறியதில்லை. ஆனால் தங்கையின் இடது மணிக்கட்டைச் சுற்றி அவளே தன் கையால் போட்ட அந்த மெல்லிய கோடு, மழை மேகத்தின் நிறத்தில், ஊறாமலும் காயாமலும், தோலுக்கு அடியில் யாரோ நூல் கட்டிவிட்டது போல அப்படியே கிடந்தது.

"அரிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"அரிக்கலன்னா சந்தோஷப்படணும்க்கா. நீ என்னமோ பரீட்சையில ஃபெயிலானவ மாதிரி மூஞ்சியை வச்சிருக்க." சின்னவள் தலை வாரியபடியே கையை நீட்டினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. ஒன்பது மணிக்குள் போய் ஷட்டரைத் தூக்க வேண்டும்.

பெரியவள் அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தாள். வைத்த விரலை எடுத்தாள். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் தோல் வெதுவெதுப்பாக இருந்தது. கோடு ஓடிய அந்த இரண்டு மில்லிமீட்டர் மட்டும் ஃபிரிட்ஜுக்குள் வைத்து எடுத்த கரண்டி மாதிரி குளிர்ந்தது. தன் கைதான் சூடாக இருக்கிறதோ என்று நினைத்தாள். இப்போதுதான் வெந்நீரில் பாத்திரம் கழுவியிருந்தாள். குழாயைத் திறந்து கையை நனைத்துத் துடைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

அப்போதும் குளிர்ந்தது.

"என்ன, டாக்டர் அம்மா?" என்றாள் சின்னவள் சிரித்துக்கொண்டே. "பொழைப்பேனா?"

"வாயைக் கழுவு."

அவள் போன பிறகு பெரியவள் நோட்டை எடுத்தாள். தன்னிடம் டாட்டூ போட்டுக்கொண்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. தேதி, ஊசி எண், மைப் புட்டி எண், பிறகு ஆறும் விதம். தங்கையின் பக்கத்தில் எழுதினாள்: நாள் 4. செதில் இல்லை. அரிப்பு இல்லை. குளிர்ச்சி. எழுதிவிட்டுக் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். தன்மேல் நம்பிக்கை இல்லாத இடங்களில் அவள் அப்படிப் போடுவது வழக்கம். நோட்டு முழுக்கக் கேள்விக்குறிகள்தான்.

சின்னவள் டாட்டூ வேண்டும் என்று முதலில் கேட்டது போன வருடம். பெரியவள் சட்டென்று சம்மதிக்கவில்லை. அவளுடைய டாட்டூ கடையில் மேசைக்கு மேலே பதினொரு கேள்விகள் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டீர்களா, நேற்று நன்றாகத் தூங்கினீர்களா, குடித்திருக்கிறீர்களா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, பழைய காயம் ஏதாவது தடித்துப் போயிருக்கிறதா, எந்தச் சாயமாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் பரவாயில்லையா என்று வரிசையாகப் போய், கடைசியில் அவளாகச் சேர்த்த பதினொன்றாவது கேள்வி: யாராவது வற்புறுத்திப் போட்டுக்கொள்கிறீர்களா? அந்தக் கடையில் காதும் மூக்கும் புருவமும் குத்துகிற கூட்டாளிக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். "பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட இவ்வளவு கேக்க மாட்டான். வந்தவன் பயந்து ஓடிடப் போறான்" என்று அவன் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வான். ஓடுகிறவன் ஓடட்டும் என்பாள் இவள். தோல் என்ன சட்டையா, பிடிக்காவிட்டால் கழற்றிப் போட.

"கூடப் பொறந்தவளுக்குமா பதினொரு கேள்வி?" என்று சின்னவள் அன்று சிணுங்கினாள்.

"கூடப் பொறந்தவளுக்குத்தான்."

அம்மா போன பிறகு சின்னவள் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதத்திலும் முதல் கையெழுத்து பெரியவளுடையதுதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலைக்குப் பிணை. அதனால் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் குத்தி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, அதன் பிறகும் ஒரு வருடம் யோசிக்க வைத்தாள். வருடம் முடிந்தும் சின்னவள் மனம் மாறவில்லை. இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரே ஒரு கோடு, அடர் கறுப்பில் வேண்டாம், மங்கலாக, உற்றுப் பார்த்தால்தான் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

போட்ட நாளில் பெரியவளுக்கு அது எட்டாவது ஆள். ஊசிக்குப் பல்வலி என்று லீவு. கடையைத் துடைப்பதிலிருந்து கிருமி போகக் கருவிகளை வேகவைப்பது வரை எல்லாம் அவள் தலையில். முந்தின இரவு மூன்று மணி நேரம் தூங்கியிருப்பாள். தூங்கினீர்களா என்ற கேள்வியை ஊசி பிடிக்கிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

ஆறாம் நாள் காலையில் கோடு தடித்திருந்தது.

சின்னவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பெரியவள் தரையில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்து அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஐந்து. சில இடத்தில் ஒன்பது. அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, அவமானம். ஊசி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மை தோலைத் தாண்டி அடியில் இருக்கும் கொழுப்பில் இறங்கிப் பரவும். ஈரத்தாளில் பேனாக் கோடு படர்வது போல. கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. எட்டு வருடத்துக்குப் பிறகு, அதுவும் தங்கையின் கையில். தூக்கம் இல்லாத கை என்பது சரியான காரணம்தான், ஆனால் காரணம் இருந்தால் தப்பு தப்பில்லாமல் போய்விடுமா?

நோட்டில் எழுதினாள்: நாள் 6. மை கசிவு. என் கை.

ஆனால் கசிவு என்றால் ஒழுங்கில்லாமல் படர வேண்டும். இது ஓர் ஒழுங்கோடு படர்ந்திருந்தது. மணிக்கட்டின் புறப்பக்கம் அடுத்தடுத்து நான்கு இடங்களில் தடித்து, நடுவில் மெலிந்து, மறுபடி தடித்து. உள்பக்கம் நாடி துடிக்கிற இடத்தில் ஒரே ஒரு தடிப்பு. அது மற்றவற்றைவிட அகலம். அவள் அதை எண்ணினாள். எண்ணியதை எழுதவில்லை.

தோல் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். "புண்ணு ஆறி ஆறு வாரம் கழிச்சுதாங்க லேசர் வைக்க முடியும்" என்றது ஒரு பெண் குரல். "இப்ப வந்தீங்கன்னா பாத்துட்டுத் திருப்பித்தான் அனுப்புவாங்க."

"ஆறல. புண்ணே ஆகலங்க."

"அப்படின்னா?"

அப்படின்னா என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் சின்னவள் வீட்டுக்கு வர எட்டு மணியாயிற்று. வழக்கமாக ஆறரை. வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். முகம் கழுவித் துடைத்த பலகை மாதிரி வெறுமையாக இருந்தது.

"எங்கடி போன?"

"பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுட்டு நின்னேன். திடீர்னு இறங்கிட்டேன்."

"எங்க இறங்கின?"

"தெரியலக்கா. இறங்கணும் போல இருந்துச்சு. கை முன்னாடி போச்சு, கால் பின்னாடி வந்துச்சு. ஒரு சந்து. கடைசியில நீலக் கேட்டு. அதைப் பாத்ததும்தான் எனக்கு உறைச்சுது, நாம எதுக்கு இங்க வந்தோம்னு." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. "திரும்பி வரத்தான் ரொம்ப நேரமாச்சு. எதிர்க்காத்துல நடக்கற மாதிரி."

பெரியவள் தட்டு வைத்தாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. மின்விசிறி சுற்றச் சுற்ற அதன் நிழல் சுவரில் வந்து வந்து போயிற்று. அறையில் ஒரு வாடை இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். தலையெண்ணெய், பழைய செய்தித்தாள், ஜன்னல் திறக்காத அறையில் நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவரின் உடம்புப் புழுக்கம். கீழ்வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெளியே காற்று சுத்தமாக இருந்தது. வாடை உள்ளேதான் இருந்தது.

சின்னவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"உக்காந்து தின்னேன்டி."

"பரவால்லக்கா. நிக்கிறேன்."

"நாள் பூரா கடையில நின்னுட்டு இங்கயும் நிக்கணுமா?"

சின்னவள் வலது கையால் மெல்ல எடுத்து எடுத்துச் சாப்பிட்டாள். இடது கை விலாவை ஒட்டித் தொங்காமல், உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே அந்தரத்தில் நின்றது. அதை அவள் தூக்கிப் பிடித்திருப்பது போலவும் தெரியவில்லை.

அப்போது பெரியவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மின்விசிறியின் கிறீச்சுக்கு அடியில், சீராக, நிதானமாக. இழுத்து, நிறுத்தி, விட்டு. ஒரு குறட்டை. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும். இந்த நேரத்திலா? களைத்து வந்து படுத்திருப்பார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற சத்தத்துக்கு ஒரு மழுங்கல் உண்டு. இதில் அது இல்லை. தங்கை நின்ற பக்கத்திலிருந்து, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து, தெளிவாக வந்தது.

பெரியவளின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

குறட்டை நின்றது.

சின்னவளின் உடம்பு ஒரு முறை உதறிக்கொண்டது. "ஐயோ" என்றாள், மூச்சுக்குள்ளேயே. கரண்டியைப் பார்க்கவில்லை. தன் இடது பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைக் கண்ணை அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்தச் சத்தம் ஆரம்பித்ததும், அவள் தோள்கள் தளர்ந்தன.

"என்னடி?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணுமில்லக்கா. அசதி."

எட்டாம் நாள் பெரியவள் விடிந்ததும் கடைக்குப் போனாள். ஊசி இன்னும் வரவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்து, விளக்கைப் போட்டுவிட்டு, அந்த நாளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள். எந்த ஊசி, சரி. புதிய பாக்கெட், தங்கையின் கண்முன்தான் பிரித்தாள், சரி. மை.

மை என்றதும் நின்றாள்.

அன்று மாலை தங்கைக்கு முன்னால் வந்தது ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். கைப்பையிலிருந்து மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதில் அவர் கணவரின் சாம்பல். அதை மையில் கலந்து மணிக்கட்டைச் சுற்றி ஒரு பட்டை போட வேண்டும் என்றார். இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. பெரியவள் இதற்கு முன் மூன்று பேருக்குச் செய்திருக்கிறாள். மெல்லிய துணியில் மூன்று முறை சலித்து, அடுப்பில் சூடேற்றி, ஒரு சிட்டிகை எடுத்து மங்கல் மையில் கலக்க வேண்டும். கலப்பதற்கு முன் பதினொரு கேள்விகளையும் கேட்டாள்.

"யாராவது வற்புறுத்துறாங்களாம்மா?"

அந்த அம்மாள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "இதோட சரியாயிடும்மா" என்றார். பிறகு, "மிச்சம் இருந்தா குடுத்துடுங்க. வெளிய விட்டுடக் கூடாது."

சாம்பல் கலந்த மை ஒரு சின்னப் புட்டியில். காலையில் கலந்து வைத்த சாதாரண மங்கல் மை அதே மாதிரி இன்னொரு சின்னப் புட்டியில். கலந்தவுடன் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டுவது அவள் வழக்கம். அன்று டேப் தீர்ந்திருந்தது. இன்னொரு சுருள் ஊசியின் மேசை டிராயரில், பூட்டு போட்டு. அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று இரண்டையும் தட்டில் வைத்தாள். உள்ளே கருவி வேகிற டப்பாவின் மணி அடித்தது. போய் நிறுத்திவிட்டு வந்தாள். வலது பக்கம் இருந்ததை எடுத்துக் குலுக்கி, அந்த அம்மாளுக்குப் போட்டாள். மிச்சத்தை மூடிக் கையில் கொடுத்தாள். இன்னொன்றை அலமாரியில் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து அதிலிருந்து தங்கைக்கு ஊற்றினாள்.

தட்டில் வைக்கும்போது எது வலது? அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். தட்டு தெரிந்தது. புட்டிகள் தெரிந்தன. போய்விட்டுத் திரும்பி வந்தபோது மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள்?

அலமாரியைத் திறந்தாள். புட்டி அங்கேயே இருந்தது, முக்கால் பங்கு மையோடு. எட்டு நாள் அசையாமல் நின்ற புட்டி. அதை அசைக்காமல் விளக்குக்கு முன் தூக்கிப் பிடித்தாள். சாதாரண மங்கல் மை அடிவரை ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தின் தடிமனுக்கு. மாவு மாதிரி.

அந்த அம்மாள் கொடுத்துவிட்டுப் போன படிவத்தைத் தேடி எடுத்தாள். தெருவின் பெயர், எண், அதற்கு அடியில் வழி சொல்லும் ஒரு வரி, நடுங்காத கையெழுத்தில்: சந்தின் கடைசி, நீலக் கேட்.

ஃபோன் செய்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பத்து முறை செய்தாள். பதினொன்றாவது முறை எடுத்து, "நாளைக்கு நானே வர்றேம்மா" என்றார் அந்த அம்மாள். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் இருந்தேன்."

ஒன்பதாம் நாள் மாலை வந்தார். பெரியவள் அவரை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அன்று வந்தவரின் கண்ணுக்கடியில் இரண்டு கறுப்புக் குழிகள் இருந்தன. இன்று வந்தவருக்கு இல்லை. காத்திருப்போர் சோபாவில் மெதுவாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார். உட்காருவதை அவ்வளவு ருசித்துச் செய்கிற ஒருவரை அவள் பார்த்ததில்லை.

"தப்பு நடந்து போச்சும்மா" என்று பெரியவள் ஆரம்பித்தாள். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாய் திறந்ததும் எல்லாம் கலைந்தது. "உங்களுக்குப் போட்டது வெறும் மை. நான் குடுத்ததும் வெறும் மை. புட்டி மாறிடுச்சு. மிச்சம் எங்கிட்ட இருக்கு. இன்னைக்கே, இப்பவே, காசு வேண்டாம், சரியா போட்டுடறேன். வாங்கம்மா."

அந்த அம்மாள் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பட்டை அழகாக ஆறியிருந்தது. மெல்லிய செதில்கள் உதிர்ந்து, ஓரம் சுத்தமாக, பாடப்புத்தகத்தில் போடலாம் போல.

"அதான்" என்றார். "அதான் அரிச்சுதா."

"கையைக் குடுங்கம்மா."

"அவரு கையைப் பிடிக்காம தூங்க மாட்டாரு. பாக்கறவங்க எல்லாம் என்ன பாசம்னு சொல்லுவாங்க. உருவினா முழிச்சுக்குவாரு. முழிச்சா…" அதை முடிக்கவில்லை. "இருபத்தொம்பது வருஷம். போனதுக்கப்புறமும் விடல. சரி, இங்கயே இருந்துக்கட்டும், பிடிக்க ஒரு இடம் குடுத்துட்டா மத்த உடம்பையாவது விட்டுடுவாருன்னு நெனச்சேன். நாலு நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் பாத்தா, கையில ஒண்ணுமே இல்ல. சேர்ல உக்காந்து ஒரு டீ குடிச்சேம்மா. சூடா." அவர் நிமிர்ந்தார். "யாரு கையில?"

"என் தங்கச்சி."

"வயசு?"

"இருபத்திநாலு."

 தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. "கல்யாணத்தப்போ எனக்கு இருபத்திமூணு" என்றார் அந்த அம்மாள்.

"அம்மா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவ சின்னப் பொண்ணும்மா. உங்க வீட்டுக்காரரும்மா அவரு."

"தெரியும்மா. அவரை உங்களுக்குக் குடுத்துட்டுப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்குத் திருப்பி வாங்கிக்கத் தெம்பில்ல." சட்டையின் கையை மெதுவாக இறக்கிப் பட்டையை மூடினார். எழுந்தார். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "வீட்டை நேத்தே காலி பண்ணிட்டேன். உங்க தங்கச்சி எப்படியும் அங்கதான் வந்து நிக்கும். பூட்டியிருந்தா கைதான் வலிக்கும்."

அவர் படியிறங்கிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. கண்ணாடிக் கடை முதலாளி. "என்னம்மா உங்க தங்கச்சி? கஸ்டமருக்கு ஃபிரேம் மாட்டிட்டு இருந்தவ அப்படியே எழுந்து போறா. பை இங்கயே கிடக்கு. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல. ஏதாவது பிரச்சினையா?"

பெரியவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சந்து நீளமாக இருந்தது. மாலை வெயில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் பட்டிருந்தது. நீலக் கேட் திறந்திருந்தது. கேட்டுக்குள் நாலு படி, படிகளுக்கு மேலே பூட்டிய கதவு. கதவின் முன் சின்னவள்.

அவள் கதவைத் தட்டவில்லை. இடது கை தோளிலிருந்து நேராக நீண்டு, மணிக்கட்டு மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ பலகையின் வழியாகவே இழுப்பது போல. விரல்கள் கதவில் மடங்கி வெளுத்திருந்தன. கால் கட்டைவிரல்களில் நின்றாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"வாடி. வந்துடு. வீட்டுக்குப் போலாம்."

"வரலக்கா. கை வரல."

பெரியவள் அவள் இடுப்பைக் கட்டி இழுத்தாள். காலை வாசற்படியில் ஊன்றி, முழுப் பலத்தோடு. தங்கையின் மணிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நெட்டி முறிகிற சத்தம். சின்னவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துத் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று.

பெரியவள் பிடியை விட்டாள்.

அந்தக் கை அவளுக்கு நன்றாகத் தெரியும். ரோடு கடக்கும்போது பிடித்த கை. ஊசி போடும்போது பிடித்த கை. மணிக்கட்டு நீலம் பாய்ந்து வீங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும், தெளிவாக. இப்போது நகங்கள்கூடத் தெரிந்தன.

திறக்கக் கூடாது. திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுபடி அந்தச் சத்தம். எலும்பு.

பெரியவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

கதவு திறந்ததும் சின்னவள் மூச்சு விட்டாள். அதில் நிம்மதி இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. தடுமாறாமல் உள்ளே நடந்தாள், கை முன்னால், உடம்பு பின்னால். பெரியவள் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டே போனாள். காலி அறை. சுவரில் படங்கள் இருந்த இடங்களில் சதுரச் சதுரமாக வெளுப்பு. தலையெண்ணெய் வாடை. பழைய செய்தித்தாள் வாடை. ஜன்னலுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. மெத்தை வைத்தது. அதற்கு இடது கைப்பிடியை ஒட்டித் தரையில், இரண்டு பாதங்கள் அளவுக்கு, மொசைக் தேய்ந்து பளபளத்தது.

சின்னவள் அந்த இடத்தில் போய் நின்றாள். அளவு சரியாக இருந்தது.

"வா." பெரியவள் வலது கையை இழுத்தாள். "வாடி. என்னைப் பாரு. பாருடி என்னை!"

நாற்காலியில் யாரும் இல்லை.

மெத்தை அமுங்கியிருந்தது.

குறட்டை. இழுத்து. நிறுத்தி. விட்டு.

சின்னவள் தலையைத் திருப்பினாள். அழுகை நின்றிருந்தது. கண்ணுக்கடியில் இரண்டு கறுப்புக் குழிகள். அக்காவைப் பார்த்தாள், நெடுங்காலம் கழித்து வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல. தன் வலது கையை அக்காவின் பிடியிலிருந்து பதமாக உருவி, விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுக்கா" என்றாள். "இப்பத்தான் கண் அசந்தாரு."

மெத்தையில் இருந்த பள்ளம் ஒரு பக்கமாக நகர்ந்தது, தூக்கத்தில் ஒருவர் சாய்ந்து படுப்பது போல. இடது கை அதோடு இழுபட்டது. சின்னவள் முகம் சுளிக்காமல், சத்தம் வராமல், அதற்கேற்ப அரை அடி நகர்ந்து நின்றுகொண்டாள்.